லேவியராகமத்தில் நின்றுபோகும் வாசிப்பு

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 34. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். ஆறு வருடமாக ஒவ்வொரு ஜனவரி 1-ஆம் தேதியும் ஆதியாகமத்தில் தொடங்கி, ஒரே வருடத்தில் வேதாகமத்தை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானம் எடுக்கிறேன். ஒவ்வொரு முறையும் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. மாதத்தில் பத்து நாள் எனக்கு நைட் டியூட்டி. விடியற்காலை 4 மணிக்கு எழுந்து வாசித்தால்தான் ஆசீர்வாதம் என்று எங்கள் ஜெபக்குழுவில் சொல்கிறார்கள். அந்த நேரத்தில் நான் வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருப்பேன். போனில் உள்ள வேதாகம ஆப் '41 நாள் பின்தங்கியிருக்கிறீர்கள்' என்று காட்டுகிறது. அதைப் பார்க்கப் பயந்தே திறப்பதில்லை. என் அம்மா ஐந்தாம் வகுப்புதான் படித்தவர்கள். ஆனால் சாகிற வாரம் வரைக்கும் ஒருநாளும் விட்டதில்லை. சாயங்காலம் விளக்கு வைத்ததும் வரிமேல் விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பார்கள். பி.எஸ்ஸி. நர்சிங் படித்த என்னால் முடியவில்லை. கர்த்தருக்கு என்மேல் கோபமாக இருக்குமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அம்மா. கர்த்தருக்கு உங்கள்மேல் கோபம் இல்லை. ஆறு வருடம் விழுந்து, ஏழாவது முறையும் எழுந்து நிற்கப் பார்க்கிற பிள்ளையைப் பார்த்து எந்தத் தகப்பனும் கோபப்படமாட்டார். முப்பது வருடத்துக்கு மேல் சபைகளில் ஊழியம் செய்தவன் நான். உங்கள் கடிதத்தில் உள்ளதை எத்தனையோ பேர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் சபை மூப்பர்களும் உண்டு, ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியைகளும் உண்டு. ஆகவே வெட்கத்தை முதலில் இறக்கி வையுங்கள். அதைச் சுமந்துகொண்டு ஒருவராலும் வேதம் வாசிக்க முடியாது.

வாசிப்பு எங்கே உடைகிறது என்று பார்ப்போம். நம் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்தால் ஒரு வருடத்தில் முடியும். நம் சபைகளில் வழிவழியாகச் சொல்லிவரும் கணக்கு இது. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. வாரத்துக்கு 23 அதிகாரம் என்றால், ஜனவரி கடைசி வாரத்தில் லேவியராகமத்தின் வாசலுக்கு வந்துவிடுவீர்கள். அதற்குள் நைட் டியூட்டி ஒரு சுற்று முடிந்திருக்கும். அதில் ஐந்து நாள் வாசிக்காமல் போயிருந்தாலும் பதினைந்து அதிகாரம் பாக்கி. உறக்கமில்லாத கண்களோடு அந்தப் பாக்கியை அடைக்க உட்காருகிறபோது எதிரே நிற்பது பலிகளைப் பற்றிய ஏழு அதிகாரங்கள். கொழுப்பு, குண்டிக்காய், கல்லீரலின்மேல் உள்ள ஜவ்வு. நல்ல ஓய்வில் இருப்பவருக்கே கடினமான இடம். அந்த இடத்தில் நீங்கள் நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கள் விசுவாசம் குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருளும் இல்லை. உங்கள் வாழ்க்கைக்குப் பொருந்தாத ஒரு கணக்கை ஆறு வருடமாகச் சுமந்திருக்கிறீர்கள்.

வருடத்தில் ஒருமுறை முழு வேதாகமத்தையும் வாசிப்பது நல்ல காரியம். அதை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேளுங்கள். இன்று உலகம் முழுவதும் பயன்படுத்தப்படும் ஓராண்டு அட்டவணை ஒன்றை 1842-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ஆயராக இருந்த ராபர்ட் மர்ரே மெக்செயின் தம் சபையாருக்காக எழுதிக் கொடுத்தார். மறு வருடமே, 29 வயதில் இறந்துபோனார். அந்த அட்டவணையை ஜனங்கள் கையில் கொடுக்கும்போதே அதில் உள்ள ஆபத்துகளையும் அவரே எழுதி வைத்தார். வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகவும் ஆகலாம் என்றார். அட்டவணை போட்டவரே சொன்ன இந்த நாலாவது எச்சரிக்கையை நாம் மறந்துவிட்டு, அட்டவணையை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

நீங்கள் நர்ஸ் என்பதால் உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். டிஸ்சார்ஜ் ஆகிப் போகிற நோயாளி, "ஒரு வேளை மாத்திரை மறந்துபோனால் என்ன செய்ய?" என்று கேட்டால், அடுத்த வேளையோடு சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ளச் சொல்வீர்களா? மாட்டீர்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த அப்பமாகிய மன்னாவும் அப்படித்தான் கொடுக்கப்பட்டது. யாத்திராகமம் 16-ஐ எடுத்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதைப் பொறுக்கினார்கள். மறுநாளுக்கென்று பதுக்கியது பூச்சி பிடித்து நாறியது. நேற்று பொறுக்காமல் விட்டதை இன்று சேர்த்துப் பொறுக்கவேண்டும் என்ற கட்டளை அங்கே எங்கும் கிடையாது. ஆகவே அந்த 41 நாளை விட்டுவிடுங்கள். அடைக்கவேண்டிய கடன் அதில் ஒன்றும் இல்லை. இன்றைக்கே போனை எடுத்து அந்தத் திட்டத்தை ஆப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். ஆப் இருக்கட்டும், அந்த எண் வேண்டாம்.

அடுத்தது 4 மணி. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓர் இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். உங்கள் ஜெபக்குழுவினர் அதை வைத்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதே இயேசு ஓர் இரவு முழுவதும் மலைமேல் ஜெபித்ததாக லூக்கா 6 சொல்கிறது. ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வயல்வெளிக்குப் போனான். தானியேலுக்கு நாளில் மூன்று வேளை. வேதம் ஒரு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு அதை எல்லாருக்கும் சட்டமாக்கவில்லை. நைட் டியூட்டிக்காரர்களுக்கென்றே ஒரு சங்கீதமும் இருக்கிறது. 134-ஆம் சங்கீதம், மொத்தம் மூன்றே வசனம். "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும் கர்த்தரின் ஊழியக்காரரே" என்று கூப்பிடுகிறது. ஊர் உறங்கும்போது விழித்து நின்று வேலை செய்தவர்களைக் குறித்த வார்த்தை அது. விடியற்காலை 4 மணிக்கு வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போடுகிற கை, அந்த நேரத்தில் வேதாகமத்தைப் பிடிக்கவில்லையே என்று நடுங்க வேண்டியதில்லை.

நைட் டியூட்டி முடிந்து வந்ததும் முதலில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே சாகவேண்டும் என்று படுத்துவிட்டபோது, கர்த்தர் தூதன் மூலமாய் முதலில் அனுப்பினது தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடியும் படுத்துக்கொண்டான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார். கர்த்தர் அவனோடு பேசின மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகுதான் வந்தது. தூக்கம் கெட்ட உடம்போடு எடுக்கிற எந்தத் தீர்மானமும் நிற்காது.

சரி, எப்போது வாசிப்பது? கடிகாரத்தைப் பிடிக்காமல் ஒரு செயலைப் பிடியுங்கள் என்பேன். உங்கள் ஷிப்ட் மாறும், மணி மாறும். ஆனால் காலை டியூட்டியோ நைட் டியூட்டியோ விடுமுறையோ, எந்த நாளாக இருந்தாலும் ஒருமுறை குளித்துத் தலைவாருகிறீர்கள் அல்லவா? அந்தச் சீப்பை வைக்கிற தட்டிலேயே வேதாகமம் இருக்கட்டும். தலைவாரி முடித்துச் சீப்பைக் கீழே வைக்கிற கை, வேதாகமத்தை எடுக்கட்டும். பத்து நிமிடம் போதும். யூனிஃபார்ம் மாட்டுவதற்கு முன் முடிந்துவிடும். மனுஷருக்குள் ஒரு பழக்கம் எப்படி வேர்விடுகிறது என்று லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து ஆராய்ந்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். தினமும் செய்கிற ஒன்றோடு புதிய செயலைக் கட்டிவைத்தவர்களுக்கு அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர, நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளிலேயே வந்தது, சிலருக்கு 254 நாள் வரை இழுக்கும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் தவறியது பழக்கத்தைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதையும் கண்டார்கள். உங்களுக்கு எது உதவும் என்றால் இந்தக் கடைசி வரிதான். ஒருநாள் தவறினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்து போங்கள், அவ்வளவுதான்.

எங்கே தொடங்குவது என்றால், இந்த முறை ஆதியாகமம் வேண்டாம். மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். 678 வசனம். பத்துப் பத்தாகப் போனாலும் 68 நாள், ஒரு பழக்கம் வேர்பிடிக்கிற காலத்துக்கு ஏறக்குறைய சரியாக வருகிறது. அதிகாரத்தை முடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் வேண்டாம். இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பேராயர் ஸ்டீபன் லாங்டன் காலத்தில் வந்தவை. புதிய ஏற்பாட்டுக்கு இப்போதுள்ள வசன எண்களை 1551-இல் ராபர்ட் எஸ்டியென் என்ற அச்சடிப்பவர் போட்டார். பவுலும் மாற்கும் எண் போட்டு எழுதவில்லை. ஒரு சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

வாசிக்கும்போது வாய்விட்டு வாசியுங்கள். இதை மிகவும் அழுத்திச் சொல்கிறேன். முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன்" என்று வாசிக்கிறோம். தியானம் என்றதும் நமக்குக் கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வருகிறது. அங்கே எபிரெயுவில் உள்ள சொல் 'ஹாகா'. வாய்க்குள் முணுமுணுப்பது என்று பொருள். ஏசாயா 31-இல் இரையின்மேல் நின்று உறுமுகிற சிங்கத்துக்கும், 38-இல் புறாவின் முனகலுக்கும் அதே சொல்தான். கையில் கிடைத்ததை விடாமல் வாயில் வைத்து அரைத்துக்கொண்டே இருப்பது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் போய்க்கொண்டே ஏசாயாவை வாசிக்கிறான். ஓடிவந்த பிலிப்புவின் காதில் அது விழுந்தது, ஏனென்றால் அவன் சத்தமாக வாசித்தான். அவனுக்கு அது விளங்கவும் இல்லை. விளங்காததை வழியில் வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தவனிடம்தான் கர்த்தர் ஆள் அனுப்பினார்.

உங்கள் அம்மா செய்தது இதுதான். வரிமேல் விரல் ஓடுகிற வேகத்துக்கு மேல் கண்ணால் ஓட முடியாது. வாய் சொல்வதைக் காது கேட்கிறது. படித்தவர்களாகிய நாம் கண்ணால் மேய்ந்துவிட்டு, ஒரு பக்கம் தள்ளியதும் என்ன வாசித்தோம் என்று தெரியாமல் விழிக்கிறோம். அம்மா குறைவாகப் படித்ததால் அப்படி வாசித்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இதில் அவர்கள்தான் நமக்கு வாத்தியார்.

ஒரு பகுதியை நாம் சேர்ந்தே பார்க்கலாம். மாற்கு 1, வசனம் 29 முதல் 31 வரை. சீமோனின் மாமி ஜுரமாய்க் கிடக்கிறாள். இயேசுவிடம் சொல்கிறார்கள். "அவர் கிட்டப்போய், அவள் கையைப் பிடித்து, அவளைத் தூக்கிவிட்டார்." நான் இதை வைத்துப் பல முறை பிரசங்கம் செய்திருக்கிறேன். 'அற்புத சுகம்' என்று தலைப்புக் கொடுத்து வேகமாகக் கடந்துபோயிருக்கிறேன். ஒருநாள் ஆஸ்பத்திரியில் என் மனைவியின் கட்டிலருகே உட்கார்ந்து மெதுவாக வாசித்தபோதுதான் மூன்று வினைகள் கண்ணில் பட்டன: போனார், பிடித்தார், தூக்கிவிட்டார். அங்கே ஜெப வார்த்தை ஒன்றும் எழுதப்படவில்லை, கையைப் பிடித்தது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. காய்ச்சலில் கிடக்கிறவரைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்காரவைக்க எங்கே பிடிக்கவேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இந்த வசனத்தை என்னைவிட நீங்கள் நன்றாக வாசிப்பீர்கள். பென்சிலால் அந்த மூன்று வினைகளின் கீழே கோடு போடுங்கள். அன்றைக்கு வார்டில் யாருடைய கையையாவது பிடிக்கும்போது அது ஞாபகத்துக்கு வந்தால், அன்றைய வாசிப்பு போதும். வேறு கேள்வி பதில் ஒன்றும் எழுதவேண்டாம்.

நைட் டியூட்டி வாரத்தில் மாற்கு பெரிதாகத் தெரிந்தால், 120 முதல் 134 வரை உள்ள ஆரோகண சங்கீதங்களை, அதாவது 'ஏறிப்போகும் பாடல்களை', வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து சங்கீதம். 132-ஐத் தவிர மற்றதெல்லாம் ஒன்பது வசனத்துக்குள் அடங்கும். ஒரு நாளைக்கு ஒன்று.

நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹென்றி பவர் தலைமையிலான குழு 1871-இல் கொடுத்த நடையைத்தான் இன்றும் ஆராதனையில் வாசிக்கிறோம். அதன் ஓசை எனக்கு உயிர். ஆனால் நூற்றைம்பது வருடத்தில் சொற்கள் இடம் மாறிவிட்டன. ஆதியாகமம் 6-இல் மனுஷனை உண்டாக்கினதற்காகக் கர்த்தர் "மனஸ்தாபப்பட்டார்" என்று இருக்கிறது. இன்று மனஸ்தாபம் என்றால் இரண்டு பேருக்குள் பேச்சில்லாமல் போவது. அங்கே அது உள்ளம் நொந்து வருந்துவது. அடுத்த வரியில் வருகிற விசனம், துக்கம். இப்படிப்பட்ட இடத்தில் புரியாமல் நின்றால், உங்கள் புத்தியைக் குறை சொல்லாதீர்கள். 1995-இல் வந்த திருவிவிலியத்தையோ வேறொரு எளிய மொழிபெயர்ப்பையோ பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். போன் ஆப் இதற்கு நல்ல துணை. பஸ்ஸில் போகும்போது ஒலி வேதாகமம் கேட்பதும் நல்லதுதான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் தாளில் உள்ள புத்தகம் வேண்டும். போனில் வாசிக்கிறபோது மேலே டியூட்டி மாற்றம் பற்றிய மெசேஜ் வந்து விழும், மனம் அங்கே போய்விடும்.

தனியாகச் செய்யாதீர்கள். 1879-இல் இங்கிலாந்தில் ஸ்கிரிப்சர் யூனியன் என்ற வேதவாசிப்பு ஊழியத்தின் தினவாசிப்பு அட்டை பிறந்ததே, ஆனி மார்ஸ்டன் என்ற ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியை தன் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதிக் கொடுத்த பட்டியலிலிருந்துதான். வேறு வேறு வீட்டில் இருந்தாலும் எல்லாரும் ஒரே நாளில் ஒரே பகுதி. உங்கள் வார்டிலோ சபையிலோ ஒருவரைப் பிடியுங்கள். வாரத்துக்கு ஒருமுறை, "எந்த வசனத்தில் நின்றீர்கள்?" என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனை அதிகாரம் ஆயிற்று என்ற கேள்வியை அவரும் கேட்கவேண்டாம், நீங்களும் கேட்கவேண்டாம்.

லேவியராகமத்தை நிரந்தரமாக விட்டுவிடச் சொல்கிறேனோ என்று பயப்படாதீர்கள். மாற்கு முடிந்ததும் லூக்காவுக்குப் போங்கள். இரண்டாம் அதிகாரத்தில் யோசேப்பும் மரியாளும் பிள்ளையை எருசலேமுக்குக் கொண்டுபோய், ஒரு ஜோடு காட்டுப்புறாவையாவது இரண்டு புறாக்குஞ்சுகளையாவது செலுத்த வந்தார்கள் என்று வரும். அங்கே விரலை வைத்துக்கொண்டு லேவியராகமம் 12-ஐத் திறவுங்கள். எட்டே வசனம்தான். பிள்ளை பெற்றவள் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவரவேண்டும், ஆட்டுக்குட்டி கொண்டுவர வசதி இல்லாவிட்டால் இரண்டு புறா போதும் என்று கடைசி வசனம் சொல்லும். மரியாள் கொண்டுவந்தது இரண்டு புறா. நம் ஆண்டவரின் தாயாருக்கு ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்லை. லூக்கா அதை விளக்கவில்லை, புறாவை மட்டும் எழுதிவிட்டுப் போய்விட்டார். லேவியராகமம் தெரிந்தவருக்குத்தான் அந்த வீட்டின் வறுமை தெரியும். நான் முதல் முறை இதைப் பார்த்த இரவில் அழுதேன். பிரசவ வார்டில் பில் கட்ட முடியாமல் வளையலைக் கழற்றுகிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடுத்த அதிகாரம், 13, தோலில் படர்ந்ததை ஆசாரியன் பார்த்து, ஏழுநாள் அடைத்துவைத்து, மறுபடியும் பார்த்து முடிவு சொல்கிற முறை. அதுவும் உங்களுக்கு அந்நியமாய் இருக்காது. இந்த வாசல் வழியாக நுழைந்தால் அந்தப் புத்தகத்தில் நிற்கமாட்டீர்கள்.

அம்மாவின் வேதாகமம் இப்போது யாரிடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. உடன்பிறந்தவர்கள் வீட்டுப் பீரோவில் துணிக்கடியில் இருந்தால், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டை கிழிந்திருந்தால் பைண்டிங் செய்யக் கொடுங்கள். ஓரத்தில் அம்மா பேனாவால் கோடு போட்ட இடங்கள் இருக்கும், விரல் பட்டுப் பட்டுக் கறுத்த பக்கங்கள் இருக்கும். அந்தப் புத்தகத்தைச் சீப்புத் தட்டில் வையுங்கள். மாற்கு 16 முடிந்ததும் எந்த வசனத்தில் அதிக நாள் நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதுவரை தினமும் ஜெபத்தில் உங்களை நினைத்துக்கொள்வேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் ஆயர்